சரணாகதியும் காத்திருத்தலும்

ஆபத்துக் காலத்தில் ஆண்டவனை அழைப்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொது. அழைத்த பின்பு அவன் வருமளவும் ஆறியிருக்கும் நிலையைத் தனியே ஆராய்ந்து, அதற்கு அங்கங்களும் அளவுகோலும் வகுத்து வைத்த பெருமை ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களுக்கு உண்டு. சரணாகதியை ஆறு கூறாகப் பேசும் இலக்ஷ்மீ தந்திரம் முதலிய பாஞ்சராத்திர நூல்கள், 'அவன் காப்பான்' என்னும் மஹாவிசுவாசத்தை அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றன. சொல்ல எளிதாயினும், நாட்கள் நீள நீள நெஞ்சில் நிறுத்துவதற்கு அரிதான அங்கம் இதுவே என்பது என் எண்ணம்.

இவ்விசுவாசத்தின் உரைகல்லாக ஆசாரியர்கள் காட்டும் உதாரணம் சுந்தரகாண்டத்தில் உள்ளது. இந்திரஜித் ஏவிய பிரம்மாஸ்திரத்துக்குக் கட்டுண்டு கிடந்த அனுமனை, அந்தக் கட்டு போதாதென்று அஞ்சிய அரக்கர் கயிறுகளாலும் பிணிக்க, பிறிதொரு கட்டைப் பொறாத அஸ்திரம் அப்பொழுதே தானாக நெகிழ்ந்து விட்டது. பகவானைப் பற்றியவன், அவன் தாமதித்தான் என்று ஐயுற்று வேறொரு பற்றுக்கோட்டையும் கூட்டிக் கொள்வானாகில், முன்னைய பற்றும் அவ்வண்ணமே நழுவும் என்பது கருத்து.

பிற்காலத்தில் ஸ்ரீவைஷ்ணவருள் கலைகள் எனப்படும் பிரிவுகள் இரண்டாயின. தாயைத் தானே பற்றிக் கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலைக்கும் உவமையாக்குவர். கிருபைக்கு ஜீவன் பக்கலில் ஒரு வியாஜமேனும் வேண்டும் என்பார் முன்னவர். விலக்காமை ஒன்றே அமையும் என்பார் பின்னவர். பேதங்களைப் பதினெட்டாக எண்ணி வாதிட்டவர்கள், அடைக்கலம் புகுந்த பின் ஆறியிருத்தலில் இருவரும் ஒன்றுபடுவதை அத்துணை ஆர்வத்தோடு எடுத்துச் சொல்லாதது வருந்தத்தக்கது.

அவ்வாறு ஆறியிருந்தவர்களுள் தலையாயவள் சீதாபிராட்டி. இராமாயணத்தின் உயிர்நிலையை அசோகவனத்துச் சிறையிலேயே கண்டார் பிள்ளை லோகாசாரியர். இராவணன் விதித்த தவணையில் இரண்டே மாதங்கள் எஞ்சியிருக்கையிலும், தன் தவத்தால் அவனைச் சாம்பலாக்க வல்ல பிராட்டி அதைச் செய்யவில்லை. தோளில் சுமந்து செல்வேன் என்ற அனுமனுக்கும் இசையவில்லை. தன்னை மீட்பது இராமனுக்கே உரிய காரியம் என்று இருந்தாள்.

இவ்வளவு கற்பித்த ஆசாரியர்களுக்கே சோதனை வந்தது. 1323ல் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதுமையடைந்திருந்த லோகாசாரியர் அரங்கத்து உற்சவமூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக் கொண்டு தெற்கே சென்றார் என்றும், வேதாந்த தேசிகர் சடலங்களிடையே மறைந்திருந்து சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் ஏட்டையும், அதன் ஆசிரியருடைய புதல்வர் இருவரையும் காத்துக் கன்னட நாட்டுச் சத்தியகாலம் சேர்ந்தார் என்றும் குருபரம்பரை கூறும். பிரம்மாஸ்திரத்தின்மேல் இதுவும் ஒரு கயிறாகாதோ என்று கேட்பவர் உளர். ஆகாது, அவர்கள் செய்தது கைங்கரியம், அதனை உபாயமாக அவர்கள் எண்ணவில்லை. எம்பெருமானே தீர்க்க வேண்டிய இடர் இது என்றிருந்தமையால் அன்றோ, அரங்கம் அச்சம் நீங்க வேண்டுமென்று அபீதி ஸ்தவம் பாடி தேசிகர் அவனிடமே விண்ணப்பித்தார்!

48 ஆண்டுகள் கழிந்தன. விஜயநகரத்துக் கோபணாரியரின் முயற்சியால் 1371ல் நம்பெருமாள் திருவரங்கம் மீண்டார். லோகாசாரியர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே, மதுரையை அடுத்த ஜோதிஷ்குடியில் திருநாடு எய்தியிருந்தார்.