நிறுத்தும், திருத்தாது: கருவிழிக்கு ஒரு சிகிச்சை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பவர் மாறுகிறது. புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுகிறது. இப்படிச் சொல்லும் பதின்வயதுப் பிள்ளைக்குக் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்னால் பிதுங்கும் நோய் அது. நெடுங்காலம் கண்ணாடி, கெட்டி கான்டாக்ட் லென்ஸ், கடைசியில் கருவிழி மாற்று அறுவை என்பதே வழியாக இருந்தது. நோயின் ஓட்டத்தைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிலையை மாற்றியது. நம்மூரில் சி3ஆர் என்கிறார்களே, அந்த ஆய்வில் வந்த சிகிச்சைதான் அது.

கருவிழியின் மேல்தோலைச் சுமார் 9 மி.மீ. வட்டத்துக்குச் சுரண்டி எடுத்து, ரைபோஃபிளேவின் சொட்டை அரை மணி நேரம் விடுகிறார்கள். மஞ்சள் உள்ளே ஊறியதும் இன்னொரு அரை மணி நேரம் புற ஊதாக் கதிர். ஆக்சிஜன் துணையோடு கொலாஜன் இழைகளுக்குள் புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி விறைக்கிறது. கதிர் உள்ளடுக்கைச் சுடாமலிருக்க 400 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பது மூல முறையின் விதி.

பிதுக்கம் ஓரளவு தட்டையாவது உண்டு. ஆனால் பழைய பார்வையை இது மீட்டுத் தராது. கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று நம்பி வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாதது பெருந்தவறு. முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமை. தொற்றும் தழும்பும் அரிது என்றாலும் வரக்கூடியவை. தோலை எடுக்காமல் செய்தால் வலி குறையும். மருந்து உள்ளே இறங்குவதும் குறையும். அதிகக் கதிரைப் பாய்ச்சிச் சில நிமிடங்களில் முடித்தால், ஆக்சிஜன் வந்து சேர நேரம் போதாது.

என்றாலும், பிரிட்டனில் நடந்த கெராலிங்க் ஆய்வை ஒதுக்க முடியாது. நோய் முன்னேறுவது உறுதியான 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், சிகிச்சை பெறாதவர்களில் 43 சதவீதத்தினருக்கு 18 மாதத்துக்குள் நோய் மேலும் முற்றியது. பெற்றவர்களில் 7 சதவீதம்தான். சிகிச்சை இல்லாமலே பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் காலத்தில் முற்றவில்லை என்பதும் இதில் அடக்கம். அப்படியானால் எல்லோருக்கும் செய்வது மிகையா? முப்பத்தைந்து வயதுக்காரர் காத்திருக்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்; இழந்த தடிமன் திரும்பாது.

அந்த இழப்பின் விலை 400 மைக்ரானுக்குக் கீழே தெரிகிறது. சென்னையில் சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் ரைபோஃபிளேவினில் ஊறிய கான்டாக்ட் லென்ஸை மேலே வைத்துத் தடிமனைக் கூட்டிக் காட்டினார்கள். கெட்டிக்கார வழி, ஆனால் அந்த லென்ஸ் ஆக்சிஜனையும் கொஞ்சம் மறிக்கும். அந்த நிலைக்கு வராமல் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண்ணைக் கசக்குவது இந்த நோயைத் தூண்டக்கூடும் என்பதால், அலர்ஜியில் ஓயாமல் கசக்கும் பிள்ளைக்கு அரிப்புக்கு மருந்து கொடுத்து, அன்றே கருவிழியின் வடிவத்தைக் காட்டும் டோபோகிராபி எடுத்து, மூன்று மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும்.