முகமில்லா மதிப்புரை

நூலொன்றுக்கு மதிப்புரை எழுதுவோர் இன்னார் என்பது நெடுங்காலமாக வாசகர்க்குத் தெரிந்திருந்தது. அவர்தம் கல்வி தெரியும்; சார்பும் ஓரளவு தெரியும். இணையத்தில் நூல் வாங்கும் இக்காலத்தே அந்நிலை மாறிவிட்டது. மாற்றத்தால் வந்த ஆதாயத்தையும் கேட்டையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். இரண்டும் ஒரே வாயில் வழியாக வந்தவை.

அமேசான் நிறுவனம் 1995இல் நூல் விற்கத் தொடங்கியபோதே, வாங்குவோரும் தம் கருத்தை எழுதலாம் என இடம் விட்டது. சரக்கைக் குறைகூறுவோரைக் கடைக்காரர் உள்ளே அழைத்து நாற்காலியிட்டு அமர்த்துவது உண்டோ? பதிப்பகத்தார்க்கு இது பிடிக்கவில்லை. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் சொன்ன விடை முற்றிலும் வணிகருடையது. எதை வாங்குவதென முடிவுசெய்ய வாடிக்கையாளர்க்கு உதவுவதிலேயே தமக்கு வருவாய் உண்டு என்பது அதன் சாரம்.

கணக்குப் பொய்க்கவில்லை. ஜூடித் செவாலியர், டீனா மேஸ்லின் என்னும் ஆய்வாளர் இருவர், அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் ஒரே நூல்கள் விற்ற நிலையை ஒப்பிட்டு 2006இல் ஆய்வு வெளியிட்டனர். ஒரு தளத்தில் மதிப்புரைகள் மேம்பட்டால், அத்தளத்தில் அந்நூலின் விற்பனையும் மற்றதைவிட உயரக் கண்டனர். ஐந்து விண்மீன் இட்ட புகழுரையினும் ஒற்றை விண்மீன் இட்ட இகழுரையே வலிது என்பதும் அவர்கள் கண்டது. வாசகர் ஊதியமின்றி எழுதியது கடைக்கு முதலாயிற்று. வாசகர் கருத்துகளையே உயிராகக் கொண்ட குட்ரீட்ஸ் தளத்தையும் அமேசான் 2013இல் விலைக்கு வாங்கிக்கொண்டது.

நாணயம் செல்லுமிடத்தில் கள்ளநாணயமும் வருமன்றோ? ரஷ்ய வரலாற்றில் பெயர்பெற்ற பேராசிரியர் ஆர்லண்டோ ஃபைஜஸ், தம் துறையினரான ராபர்ட் சர்வீஸ், ரேச்சல் போலன்ஸ்கி ஆகியோரின் நூல்களைப் பழித்தும், தம் நூலைப் புகழ்ந்தும் அமேசானில் பெயர் மறைத்து எழுதியது 2010இல் வெளிப்பட்டது. முதலில் மறுத்தார், பின்னர் அவர் மனைவியார் எழுதியதாகச் சொல்லப்பட்டது, இறுதியில் தாமே எழுதியதாக ஒப்பி, மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தார்.

தற்புகழ்ச்சி தகாது என்ற நன்னூலாரும், அது தகும் இடங்கள் நான்கைக் குறித்தார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, மாற்றார் பழித்தபோது. நான்கிலும் புலவன் தன் முகத்தோடு நிற்கிறான்.

பெயர் மறைத்தலே குற்றமென்பார் உளர். அஃது ஒவ்வாது. லண்டனின் ‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்’ 1974 வரை பெயரின்றியே மதிப்புரைகளை வெளியிட்டது. ஆனால் எழுதியவர் யாரென இதழாசிரியர்க்குத் தெரியும். பழி வந்தால் விடைகூற வேண்டியவரும் அவரே. அந்த இதழாசிரியர் இல்லாமையாலன்றோ இணையக் கடைக்கு எண்ணிறந்த நூல்களுக்கும் செலவின்றி மதிப்புரை கிடைத்தது! கேடும் அவ்வழியே நுழைந்தது.

2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவில் நிகழும் ‘தி ஸ்னோ ஃபாரஸ்ட்’ என்னும் நாவலை அடுத்த பிப்ரவரியில் வெளியிடப்போவதாக அறிவித்தார். உக்ரேன் போர் நடக்கையில் ரஷ்ய மண்ணின் கதையா எனச் சினந்தோர் நூற்றுக்கணக்கில் குட்ரீட்ஸில் ஒற்றை விண்மீன் இட்டனர். நூலோ இன்னும் வெளிவரவில்லை. கில்பர்ட் வெளியீட்டை நிறுத்திவைத்தார். உக்ரேனியரின் துயர் பெரிது. ஆயினும் படியாத நூலுக்கு அது மதிப்புரை ஆகாது.

பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் அமெரிக்க வணிக ஆணைய விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கூலிக்குப் புகழ்வோரை அது அடக்கலாம். கூலியின்றிச் சினத்தால் எழுதுவோரைத் தொடாது. அமேசான் இடும் ‘வாங்கியது உறுதி’ என்னும் முத்திரையோ, பணம் கட்டியதற்குச் சான்றேயன்றிப் படித்ததற்குச் சான்றன்று. குட்ரீட்ஸ் 2023இல் வகுத்த முறை சற்றுப் பயனுடையது. இயல்புக்கு மாறாகக் கருத்துகள் குவிந்தால், அந்நூலுக்கு மதிப்பெண் இடுவதைச் சிறிது காலம் நிறுத்திவைப்பர். ஆனால் எது இயல்பு, எது மாறு எனத் தீர்ப்பவர் கடையின் ஆளே. அவர் பெயரும் நமக்குத் தெரியாது.