ஐந்தாவது உயிர்க்குறி: எண் வந்தது, வலி தீர்ந்ததா?

மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-இல் ஒரு நெறியை வகுத்தார்: வலி யாருக்கோ, அது எவ்வளவு என்று சொல்லும் உரிமையும் அவருக்கே. வலியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே நோயாளியின் சொல்லே முதல் சான்று என்ற அந்த நெறி செவிலியக் கல்வியில் வேரூன்றியதில் வியப்பில்லை.

அந்த நெறியைப் பூச்சியம் முதல் பத்து வரையிலான ஓர் எண்ணுக்குள் அடக்கியது பிந்தைய தலைமுறை. உடல் வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிய வேண்டும் என்று 1990-களின் நடுவில் அமெரிக்க வலியியல் சங்கம் வற்புறுத்தியது. 1999-இல் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் அதை ஏற்றன. 2001-இல் தர அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையமும் வலி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்த ஏற்பாடு நோயாளிக்கு நன்மை செய்ததா?

நன்மை உண்டு. கேட்டால் ஒழிய வாய் திறக்காதவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ மூச்சிழுக்காமலும் கிடந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும். வலியைக் கேட்டறிவது இரக்கம் மட்டுமல்ல, சிகிச்சையின் பகுதி. அதை முறையாகக் கேட்க வைத்தது இந்த விதிதான்.

ஆனால் கேட்டதோடு நின்றுபோனது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு படைவீரர் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், இந்த நடைமுறைக்கு முன்னும் பின்னும் இருந்த பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வலி சிகிச்சையின் தரம் உயரவில்லை. நான்கோ அதற்கு மேலோ எண் சொன்னவர்களில் 52 விழுக்காட்டினருக்குப் புதிய சிகிச்சை எதுவும் தரப்படவில்லை.

மருந்து கொடுத்த இடத்தில் வேறு ஆபத்து. புளோரிடாவின் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், எண்ணை வைத்து வலிமருந்து தரும் முறை வந்தபின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்தால் நோயாளி அளவுமீறி மயங்கும் நிகழ்வுகள் ஒரு லட்சம் உள்நோயாளி நாட்களுக்கு 11-இலிருந்து 24.5 ஆகக் கூடின. காரணம் புரியாததல்ல. ‘ஏழுக்கு மேல் என்றால் ஊசி’ என்று எழுதிவைத்தால், கால் முறிந்த இளைஞர் சொல்லும் எட்டும், சிறுநீரகம் தளர்ந்த முதியவர் சொல்லும் எட்டும் ஒரே மருந்தைக் கோருகின்றன. மூச்சு மந்தமாவதற்கு முன் மயக்கம்தான் கூடும். அதைப் படுக்கையருகே காண்பவர் செவிலியர். அவர் கண்டதைவிட எண்ணுக்கே மதிப்பு என்றாகிவிட்டது. மறதிநோயாளி, வெண்டிலேட்டரில் இருப்பவர், கைக்குழந்தை ஆகியோரால் எண்ணே சொல்ல முடியாது. அவர்களுக்கு முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், அழுகை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடும் அளவுகோல்கள்தாம் உதவும்.

ஓபியாய்டு மருந்துகளுக்கு அடிமையாகி அமெரிக்காவில் ஏராளமானோர் இறந்த அழிவுக்கு இந்த விதியே காரணம் என்பது மட்டும் மிகைக் குற்றச்சாட்டு. ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலிமருந்து 1996-இலேயே சந்தைக்கு வந்தது; அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக அதன் நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எண் அந்த விற்பனைக்குத் துணைபோனது எனலாம். அதைத் தொடங்கிவைத்தது அல்ல. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்தாவது உயிர்க்குறியைக் கைவிடப் பரிந்துரைத்தது.

அதைப் பார்த்து நம் மருத்துவமனைகளும் வலியைக் கேட்பதைக் குறைத்தால் பிழையாகும். இங்கே, இந்தியாவில், நோய் நேர்மாறானது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தால் புற்றுநோயாளிக்கும் மார்ஃபின் கிடைப்பது அரிதானது. 2014-இல்தான் சட்டம் தளர்த்தப்பட்டது.

ஆகவே, மெக்காஃப்ரியின் நெறி நிற்கிறது. எண்ணை மருந்துச் சீட்டாக்கிய நடைமுறை தோற்றது. எட்டு என்று நோயாளி சொன்னால் நம்ப வேண்டும். பிறகு இரும முடிகிறதா, நடக்க முடிகிறதா, எவ்வளவு மயக்கத்தில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மருந்து கொடுத்தபின் திரும்பி வந்து மறுபடி கேட்க வேண்டும். அந்த மறுவருகைக்கு நேரம் கிடைக்கும் அளவுக்குச் செவிலியர்களை நியமிக்காத மருத்துவமனையில் எந்த அளவுகோலும் பயன் தராது.