காண்டமும் படலமும்: பிரிப்பில் உள்ள பொருள்

சீறாப்புராணம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், காண்டம் என்று ஒருக்காப் பிரிச்சாச்சு. பிறகு என்னத்துக்குப் படலம் என்று திரும்பவும் பிரிக்கிற?" "பாடமாக்க லேசாக" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த மறுமொழி பிழை.

இரண்டும் வடசொற்கள். கரும்பிலோ மூங்கிலிலோ ஒரு கணுவுக்கும் மறு கணுவுக்கும் இடைப்பட்ட துண்டே காண்டம். படலம் என்றால் மூடும் ஏடு, அடுக்கு. "கண்ணில படலம் விழுந்திருக்கு" என்று நம் வாப்பாமார் சொல்வதும் இந்தச் சொல்லைத்தான். ஆக, காண்டம் நீளத்தில் வெட்டுவது. படலம் அடுக்கடுக்காகச் சேர்வது. பெரியதும் சிறியதும் என்பதோடு வேறுபாடு முடிந்துவிடவில்லை.

உமறுப்புலவர் இந்த அமைப்பைக் கம்பரிடமிருந்து எடுத்தார் என்பது உண்மை. "அப்படியென்றால் அது வெறும் போலச்செய்தல்தானே" என்று நம்மவர்களே சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. கம்பரின் காண்டப் பெயர்களிற் பல இடப்பெயர்கள்: அயோத்தி, ஆரணியம், கிட்கிந்தை. உமறு வைத்தவை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து. பிறப்பு, நபித்துவம், புலம்பெயர்வு என்ற மூன்று கணுக்கள். வடசொல்லோடு அறபுச் சொல்லை ஒட்டியிருக்கிறார்.

படலக் கணக்கையும் பாருங்கள். முதற் காண்டத்தில் 24, இரண்டாவதில் 21, மூன்றாவதில் 47. மொத்தம் 92இல் பாதிக்கு மேல் ஹிஜ்றத்துக் காண்டத்தில். நமது ஆண்டுக் கணக்கு எந்த நிகழ்வில் தொடங்குகிறதோ, அதன் பெயரிலேயே காப்பியத்தின் பெரும்பகுதி நிற்கிறது. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று மரபுப்படி தொடங்கியவர், அடுத்துத் தலைமுறைப் படலம் வைத்து ஆதம் நபியிலிருந்து ஒளி வழிவழியாக இறங்கி வருவதைப் பாடுகிறார். அடுக்கு என்ற சொற்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

பிரிப்பு இரண்டு வகை என்பது ஓதப்பள்ளிக்குப் போன பிள்ளைக்குத் தெரியும். குர்ஆனில் 114 சூறாக்கள், 30 ஜுஸ்உகள். ஜுஸ்உ என்றால் பகுதி. அது ஓதும் அளவுக்கான பகுப்பு, ஆகவே ஒரு சூறாவின் நடுவிலேயே முடிந்து அடுத்தது தொடங்கலாம். காண்டமும் படலமும் அவ்வாறான அளவுப் பகுப்புகள் அல்ல. பொருளை நோக்கிய பகுப்புகள். நாமோ பரீட்சைக்காக "3 காண்டம், 92 படலம், 5027 விருத்தம்" என்று எழுதிக் கொடுத்து, பொருட் பகுப்பை அளவுப் பகுப்பாக்கிவிட்டோம். பிள்ளைகளுக்குச் சீறா தூரமாய்ப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதை எங்கே பிரிப்பது என்று தீர்மானிக்கும்போதே புலவன் தன் விளக்கத்தைத் தொடங்கிவிடுகிறான். அடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.