மீன் படாத கடல்

பாரிஸிலிருந்து வந்த நண்பர் ஒருவர் விரல் நீளக் குப்பி ஒன்றை நீட்டினார். ‘கடல் வாசனையாம், மோந்து பாருங்க தோழர்’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவள். ‘கருவாட்டு நாத்தம் அடிக்குது’ என்ற புகாரின் பேரில், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியே உட்காரவைக்கப்பட்டவன் நான். கடலைக் காசு கொடுத்து வாங்கி உடம்பில் பூசிக்கொள்வார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் ‘கடல்’ என்ற பெயரில் சந்தை விற்பது வேறு. 1966இல் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் கேலோன் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். தர்பூசணியை நறுக்கிவைத்த மாதிரி ஒரு வாசனை. லோ திஸ்ஸே (1992), ஆக்வா டி ஜியோ (1996) போன்றவற்றின் வழியாக அதுவே கடலின் குறியாக நிலைபெற்றது. நிஜக் கடலோர வாடையிலோ டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்துக்கு முக்கியப் பங்குண்டு. நுண்பாசிகளிலிருந்து வரும் பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது வெளியாகிறது. அதாவது, உயிர்கள் பிறந்தும் செத்தும் சிதைந்தும் கிடப்பதால்தான் கடல் நாறுகிறது. கேலோன் கடலில் சாவு கிடையாது; ஆகவே உயிரும் கிடையாது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்த, உழைப்பின் தடயமற்ற ஓர் உடல் மட்டுமே அங்கே கட்டமைக்கப்படுகிறது.

நண்பர் கொண்டுவந்தது ஜேம்ஸ் ஹீலியின் ‘செல் மரேன்’ (2008). கடலுப்பு என்று அர்த்தம். இது அந்த மரபிலிருந்து விலகுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் எலுமிச்சை, அது சீக்கிரமே போய்விடுகிறது. பிறகு உப்பு, ஈரப் பாசி, கசக்கிய பச்சிலை. அடியில் தேவதாருக் கட்டையும் வெட்டிவேரும். பழத் தித்திப்பு இல்லை. கரையேற்றிய வள்ளத்தின் பலகை வெயிலில் காயும்போது வருமே ஒரு வாடை, அதற்குக் கிட்டத்தில் வருகிறது. தண்ணீரை விட்டுவிட்டு, கரையில் கிடக்கும் மரத்தையும் தழையையும் வைத்துக் கடலைச் சொல்கிறது. இந்த வாசனையின் பலம் இதுதான்.

அம்மாவிடம் கொடுத்தேன். மோந்துவிட்டு, ‘என்னடா இது, மீனே படாத கடலா இருக்கு’ என்றாள். இதைவிடச் சரியான விமர்சனம் எனக்குத் தெரியவில்லை. வள்ளம் இருக்கிறது, அதைத் தள்ளியவர்கள் இல்லை.

செண்டுக் குப்பியில் கருவாட்டைத் தேடலாமா என்று கேட்பீர்கள். நான் தேடவில்லை. கடலில் எது வாசனை, எது நாத்தம் என்று பிரித்துவைக்கும் அதிகாரம் யாருடையது என்றுதான் கேட்கிறேன். ஏழைகளின் உடல் ‘நாறும் உடல்’ ஆக்கப்பட்ட பிரெஞ்சு வரலாற்றை அலென் கோர்பன் 1982இல் எழுதினார். நம்மிடம் ‘நாற்றம்’ என்ற சொல்லே ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது. நற்றிணை 45ஆம் பாட்டில் பரதவர் பெண்ணின் தோழி, தேரில் வரும் செல்வர் மகனிடம், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அவள் குரலில் வெட்கம் இல்லை. விலக்கும் அதிகாரம் அங்கே நாறுகிறவள் கையில் இருக்கிறது. என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியபோது அது இடம் மாறியிருந்தது.

இன்னொன்று. ‘வெட்டிவேர்’ தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல். இன்று உலகச் சந்தைக்கு அந்த எண்ணெயைப் பெருமளவில் தருவது ஹைத்தி. அங்கே சிறு விவசாயிகள் மண்ணைக் கொத்தி வேரை எடுக்கிறார்கள். நம் சொல்லும் அவர்கள் உழைப்பும் பாரிஸ் போய் ‘நேர்த்தி’ ஆகின்றன. சொல்லும் வேரும் உள்ளே போகலாம். தோண்டிய உடம்பின் வியர்வை மட்டும் வாசலிலேயே நிற்க வேண்டும்.

குப்பியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல வாசனைதான். பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஸீட்டுக்காரர் நகர்ந்து உட்காரப்போவதில்லை. அம்மா மீன்கூடையோடு ஏறியபோது நகர்ந்தார்கள்.