ஏஞ்சலா, ஸ்பைக்கா? ஒரு பழைய வாக்குவாதத்துக்குத் திருத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்து முடித்துவிட்டு வந்து படியுங்கள். கதையைக் கடைசி எபிசோட் வரை போட்டு உடைக்கப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1997 மார்ச்சில் தொடங்கி 2003 மே மாதம் முடிந்த அமெரிக்கத் தொடர். ஏழு சீசன், 144 எபிசோட். கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊர். ரத்தக்காட்டேரிகளைக் கொல்லத் தலைமுறைக்கு ஒருத்தி விதிக்கப்படுவாள், அவளுக்கு ஸ்லேயர் என்று பெயர். இந்தத் தலைமுறைக்கு அந்த வேலை பஃபி சம்மர்ஸ் என்ற பள்ளிக்கூடப் பெண்ணின் தலையில் விழுகிறது. காட்டேரிகளைக் கொல்ல வேண்டியவள் இரண்டு காட்டேரிகளோடு உறவில் விழுகிறாள் என்பதுதான் வேடிக்கை. முதலில் ஏஞ்சல், கடைசியில் ஸ்பைக். நடுவே ரைலி என்று ஒரு மனுஷன். ரசிகர்கள் ஏஞ்சல் கட்சி, ஸ்பைக் கட்சி என்று பிரிந்து இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். ரைலிக்குக் கட்சி என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை, பாவம்.

நான் ஸ்பைக் கட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று பேர் தங்கியிருந்த ஒரு வாடகை அறையில், கடன் வாங்கின டிவிடிக்களில் முழுத் தொடரையும் பார்த்தேன். அப்போது டீமில் நாலு வருஷம் சீனியரான ஒருத்தர் இருந்தார். அவங்களும் இந்தத் தொடரின் ரசிகை. ஒரு நாள் கேன்டீனில் 'சீயிங் ரெட்' பற்றிப் பேச்சு வந்தது. 2002 மே மாதம் ஒளிபரப்பான ஆறாவது சீசன் எபிசோட். அதில் ஸ்பைக் பஃபியின் வீட்டுக் குளியலறையில் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அவள் உதைத்துத் தள்ளித் தப்பிக்கிறாள்.

நான் சொன்னது: "அப்ப அவனுக்கு ஆன்மாவே கிடையாதே. அதுக்கப்புறம் அவனே தேடிப் போய் வாங்கிட்டு வந்தான்ல? ஏஞ்சல் மாதிரி சாபத்துல ஓசியா வந்ததா என்ன?"

அவங்க சொன்னது: "நீ சொல்றதெல்லாம் ஸ்பைக்குக்கு என்ன ஆச்சுங்கிறதுதான். அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை வரலையே."

நான் விடவில்லை, மேற்கொண்டு மூணு பாயின்ட் எடுத்து வைத்தேன். அவங்க டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாங்க. அதற்குப் பிறகு என்னிடம் இந்தத் தொடரைப் பற்றிப் பேசவே இல்லை. வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

போன வருஷம் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்து ஏழு சீசனையும் மறுபடி பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

ஆன்மா என்ற சுவிட்ச்

ரசிகர்களின் சண்டை முக்கால்வாசி ஆன்மாவைப் பற்றித்தான். ஏஞ்சல் ஒரு காலத்தில் ஏஞ்சலஸ் என்ற கொடூரமான காட்டேரி. நாடோடிக் கூட்டம் ஒன்று சபித்து அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுக்கிறது, செய்த பாவத்தை நினைத்து நினைத்துச் சாகட்டும் என்று. ஒரு நிமிஷம் முழு நிம்மதி கிடைத்தால் ஆன்மா போய்விடும். இரண்டாவது சீசனில், பஃபியின் 17-வது பிறந்தநாள் இரவில் அதுதான் நடக்கிறது. விடிந்தால் பழைய ஏஞ்சலஸ். பஃபியின் ஆசிரியை ஜென்னியைக் கொன்று, ஜென்னியைக் காதலித்தவரின் படுக்கையிலேயே உடலைக் கிடத்துகிறான்.

நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு இது பூலியன் மாதிரி தெரியும். ஆன்மா உண்டென்றால் நல்லவன், இல்லையென்றால் கெட்டவன். ஏஞ்சல் கட்சியின் மொத்த வாதமும் இந்த ஒரு மாறியில் நிற்கிறது: ஜென்னியைக் கொன்றது ஏஞ்சலஸ், ஏஞ்சல் வேறு ஆள்.

ஆனால் அதே இரட்டை எபிசோடிலேயே இந்த விதியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதத்தன்மை இருப்பவர்களை எரித்துவிடும் ஜட்ஜ் என்ற அசுரன் வருகிறான். அவனுக்கு ஏஞ்சலஸிடம் எரிக்க ஒன்றுமே கிடைக்கவில்லை. ஸ்பைக்கும் அவன் காதலி ட்ரூசில்லாவும் மட்டும் மனிதவாடை அடிக்கிறார்கள் என்று அவனே குறை சொல்கிறான், அவர்களுக்குள் பாசமும் பொறாமையும் இருக்கிறதாம். மூன்று பேருக்குமே ஆன்மா கிடையாது. ஆக, ஆன்மா இல்லாமலும் ஸ்பைக்கால் நேசிக்க முடியும். ஸ்பைக் கட்சிக்கு அஸ்திவாரம் இந்தக் காட்சிதான்.

இங்கேதான் எனக்கு முதல் உறுத்தல். ஆன்மா இல்லாமலே நேசிக்கத் தெரிந்தவன் என்று ஸ்பைக்கைப் புகழ்ந்தால், ஆன்மா இல்லாததால் குளியலறையில் அப்படி நடந்துகொண்டான் என்று அவனுக்கே வக்காலத்து வாங்க முடியாது. நான் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஏஞ்சல் கட்சியும் சளைத்ததில்லை. ஜென்னி கொலைக்கு எந்தச் சாக்கைச் சொல்கிறார்களோ, அதே சாக்கை ஸ்பைக்குக்குக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே வக்கீலைத்தான் வைத்திருக்கிறோம்.

யார் முடிவெடுத்தது?

அடுத்து, நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு உறவும் எப்படி முடிந்தது, முடிவு யாருடையது?

இரண்டாவது சீசனின் கடைசியில் ஏஞ்சலுக்கு ஆன்மா திரும்பிய சில நிமிஷத்தில், உலகத்தைக் காப்பாற்ற அவனையே வாளால் குத்தி நரகத்துக்கு அனுப்புகிறாள் பஃபி. கை அவளுடையது, ஆனால் வேறு வழி விடப்படவில்லை. மூன்றாவது சீசனில் அவன் திரும்பி வருகிறான். பஃபியின் அம்மா அவனிடம் போய்ப் பேசுகிறார், அவன் பிரிவதென்று முடிவெடுத்து அவளிடம் வந்து சொல்கிறான். அவள் நன்மைக்காகத்தானாம். 1999 நவம்பரில், ஏஞ்சலின் தனித் தொடரில் இன்னும் ஒரு படி மேலே போகிறான். ஒரு நாள் மனிதனாக மாறி அவளோடு சந்தோஷமாக இருந்துவிட்டு, அவளைக் கேட்காமலே அந்த நாளை அழித்துவிடச் சொல்கிறான். அவளுக்குத் தெரியவரும்போது சில நிமிஷம்தான் மிச்சம். பிறகு அவள் ஞாபகத்திலிருந்தே அந்த நாள் போய்விடுகிறது. ரசிகர்கள் இதை மாபெரும் தியாகம் என்று கொண்டாடுகிறார்கள். நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் போனது அவளுடைய நாளும்தானே?

கல்லூரியில் பார்க்கர் என்று ஒருவன், ஒரே இரவோடு கழன்றுகொள்கிறான். அப்புறம் ரைலி. ஐந்தாவது சீசனில் பஃபியின் அம்மாவுக்கு மூளையில் கட்டி, அறுவை சிகிச்சை. அந்த நேரத்தில் ரைலியின் குறை, அவள் தன்மீது சாய்ந்து அழவில்லை என்பது. காசு கொடுத்துக் காட்டேரிகளிடம் கடி வாங்கிக்கொண்டு அலைகிறான். மாட்டிக்கொண்டதும், இன்று ராத்திரிக்குள் நீ சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன் என்று கெடு வைக்கிறான். அவள் ஓடி வருவதற்குள் ஹெலிகாப்டர் கிளம்பிவிடுகிறது.

முதல் சீசனில், எல்லாருடைய பயங்கரக் கனவுகளும் நிஜமாகும் எபிசோட் ஒன்று உண்டு. அதில் பஃபியின் கனவு என்ன தெரியுமா? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் வீட்டைவிட்டுப் போனதற்கு நீதான் காரணம் என்று நிதானமாகச் சொல்வது. காட்டேரியாக மாறிவிடுவோமோ என்ற பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே உள்ள பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஸ்பைக் விஷயம் வேறு. செத்துப் போய், நண்பர்களால் சொர்க்கத்திலிருந்து இழுத்து வரப்பட்டவள் அவள். அந்த உண்மையை முதலில் ஸ்பைக்கிடம்தான் சொல்கிறாள். பிறகு நடப்பதைக் காதல் என்று சொல்வது கஷ்டம். ஒரு சந்தில் வைத்து அவனை அடையாளம் தெரியாமல் அடித்துப் போடுகிறாள். அவள் பக்கத்துத் தப்பை நான் மறைக்கவில்லை. தொடரும் மறைக்கவில்லை. கடைசியில் அவளே வந்து, உன்னை உபயோகப்படுத்திக்கொண்டிருக்கிறேன், இது என்னைக் கொல்கிறது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு முடித்துக்கொள்கிறாள்.

பட்டியலில் அவளாக, நிதானமாக, 'போதும்' என்று சொன்ன இடம் இது ஒன்றுதான். அந்த ஒரு 'போதும்' செல்லுபடியாகவில்லை. குளியலறையில் நடப்பது அதுதான். ஆண்கள் போகும்போதெல்லாம் அவள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் போனபோது மட்டும் கதவைத் தாண்டி வருகிறான்.

இத்தனை வருஷம் இது என் கண்ணில் படவே இல்லை.

தொடரும் என்னைப் போலத்தான்

என் குற்றத்தைத் தொடரும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேமரா ஸ்பைக்கோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. அவன் படும் சோதனைகள், ஆன்மா கிடைப்பது, குற்ற உணர்ச்சியில் புத்தி பேதலிப்பது எல்லாம் விலாவாரியாக வருகிறது. பஃபிக்குக் கிடைப்பது ஏழாவது சீசனின் தொடக்கத்தில், அவன் கை பட்டதும் அவள் உடம்பு ஒரு கணம் சுருங்குவது மாதிரியான சில நொடிகள்தான். அவளுக்கு நடந்த கொடுமை அவன் திருந்துவதற்கான படிக்கட்டு ஆகிவிட்டது. சீனியர் அன்று கேட்ட கேள்வி எனக்கு மட்டுமானதாக இருந்திருக்காது.

ஆனாலும் ஏழாவது சீசன் வேறு வழியில் கொஞ்சம் ஈடு கட்டுகிறது. பஃபி முதல் ஸ்லேயரை உருவாக்கிய ஆண்களைச் சந்திக்கிறாள். ஒரு பெண்ணைச் சங்கிலியால் கட்டி, அசுரசக்தியை அவளுக்குள் பலவந்தமாகத் திணித்தவர்கள். பஃபிக்கும் அதையே செய்ய வருகிறார்கள், அதிக பலம் கிடைக்கும் என்று. உலகமே அழியப்போகிற நிலையிலும் அவள் மறுக்கிறாள். அப்புறம் கடைசி எபிசோடில், தலைமுறைக்கு ஒருத்தி என்று அந்த ஆண்கள் போட்ட விதியையே உடைத்து, தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் பலத்தைப் பகிர்ந்து கொடுக்கிறாள்.

அதே எபிசோடில் ஏஞ்சல் வந்து நம் கேள்வியைத்தான் கேட்கிறான். அவள் தன்னைக் குக்கி மாவுக்கு ஒப்பிடுகிறாள்: இன்னும் அடுப்பிலிருந்து இறக்கவில்லை, வெந்த பிறகு யார் சாப்பிடுவது என்று பார்க்கலாம். இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்த வசனம் இது. எனக்கும் அன்று இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, ஏழு வருஷம் இழுத்துவிட்டு இப்படியா மழுப்புவார்கள் என்று. இப்போது பார்த்தால் மழுப்பலே இல்லை. இத்தனை பேர் அவளுக்காக முடிவெடுத்த பிறகு, முடிவெடுக்கும் நேரத்தைக்கூட நானே சொல்வேன் என்கிறாள்.

ரசிகர்களை எழுத்தாளர்கள் கிண்டல் செய்ததும் உண்டு. 2004-இல் 'ஏஞ்சல்' தொடரில், ஏஞ்சலும் ஸ்பைக்கும் அவளைத் தேடி ரோம் நகரத்துக்குப் போய், வழி நெடுக யாருக்கு உரிமை என்று சண்டை போடுவார்கள். கடைசிவரை அவளிடம் பேசவே கிடைக்காது. அவள் எங்கேயோ நடனமாடிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு பேரும் நாம்தான்.

"யாருக்கு அவள் தகுதி?", "அவளுக்கு யார் நல்லது?" என்று நாம் கேட்கிற கேள்விகளும், ஏஞ்சலும் ரைலியும் அவளை வைத்துக்கொண்டே அவளைக் கேட்காமல் போட்ட கணக்குகளும் ஒரே ரகம். ஸ்பைக் பாத்திரம் எனக்கு இன்னமும் பிடிக்கும். கடைசி எபிசோடில் அவன் எரியும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது. அவள் காதலிப்பதாகச் சொல்ல, அவன் அதை நம்பாமல் நன்றி மட்டும் சொல்கிற இடம், அவன் முதல் தடவையாக அவளிடம் எதையும் எதிர்பார்க்காத இடம். பிடித்திருப்பது வேறு, வக்காலத்து வாங்குவது வேறு. அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆளின் முக்கியமான காட்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பட்டியல் வேறு மாதிரி வந்தால் எழுதுங்கள், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன்.

அந்த சீனியரோடு இப்போது தொடர்பு இல்லை. நீங்க சொன்னது சரி. அன்னைக்கு நான் எடுத்து வைத்த மூணு பாயின்ட்டும் தப்பு.