கல்யாணத்துக்குச் சாட்சி

கல்யாணத்தில் முடிகிற கதைகளை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பது வழக்கம். மேற்கொண்டு எழுதத் தெரியாத கதாசிரியனுக்குக் கைகொடுக்கிற சடங்கு அது. கல்யாணத்தில் ஆரம்பிக்கிற கதை வேறு ஜாதி. அதிலும், தம்பதிகளில் ஒருவருக்கு அந்த நாட்டில் தங்க உரிமை இல்லை, கல்யாணத்தினால்தான் அந்த உரிமை வரவேண்டும் என்றால், நாவலாசிரியன் கேட்க வேண்டிய கேள்வியைச் சர்க்காரே கேட்டுவிடுகிறது: இது நிஜமா, வேஷமா?

இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவில் எடுத்த இரண்டு படங்களைச் சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். பார்த்ததற்கு ரசனை மட்டும் காரணம் அல்ல. மற்றக் காரணத்தைப் பிற்பாடு சொல்கிறேன்.

முதல் படம் 1941-ல் வந்த ‘ஹோல்ட் பேக் தி டான்’. ருமேனியாவிலிருந்து வந்த ஜார்ஜஸ் என்பவன் மெக்ஸிகோ எல்லையில் ஒரு ஹோட்டலில் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கியிருக்கும் இடங்கள் கொஞ்சம். வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஹோட்டலில் அவனுக்கு அறை கிடைத்ததே, முன்பு அதில் காத்திருந்த ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டதால்தான். அமெரிக்கப் பிரஜை ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டால் கதவு திறக்கும் என்று பழைய சிநேகிதி ஒருத்தி யோசனை சொல்கிறாள். பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துவந்த எம்மி என்ற உபாத்தியாயினி அகப்படுகிறாள். அவளுடைய வண்டி கிளம்பவிடாமல் தந்திரம் செய்து, ஒரே இரவில் காதல் பேசி, விடிவதற்குள் சம்மதம் வாங்கிவிடுகிறான்.

கதை எங்கே போகும் என்று யாரும் ஊகித்துவிடலாம். ஏமாற்றப் போனவன் உண்மையிலேயே காதலிக்கத் தொடங்குகிறான். இதில் புதுமை இல்லை. படத்தை நிமிர்த்துவது வேறொரு கட்டம். உண்மை முழுவதும் எம்மிக்குத் தெரிந்துவிட்ட பிறகு குடியேற்ற அதிகாரி அவளை விசாரிக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், புருஷன் தொலைந்தான். அவள் காட்டிக்கொடுக்கவில்லை, பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அந்தக் கல்யாணத்தில் அதுவரை நடந்ததெல்லாம் பொய். அவள் சொன்ன அந்தப் பொய்தான் முதல் நிஜம். நல்ல எழுத்தாளன் கை பட்டிருப்பது அங்கே தெரிகிறது.

அந்தக் கை பில்லி வைல்டருடையது. சார்லஸ் பிராக்கெட்டுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் அவர். 1934-ல் தற்காலிக விஸாவில் அமெரிக்கா வந்து, தவணை முடிந்ததும் மெக்ஸிகோ எல்லையூரான மெக்ஸிகாலிக்குப் போய், மறுபடி உள்ளே வர அனுமதிக்குக் காத்திருந்தவர். காத்திருக்கிறவனுடைய நாள் எப்படி இருக்கும் என்பதைப் பட்டு அறிந்தவர். படத்தின் ஹோட்டல் காட்சிகள் உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு வேடிக்கை. மூலக்கதையை எழுதிய கெட்டி ஃபிரிங்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஜெர்மானியரான தம் கணவர் இதே எல்லையில் காத்திருந்த அனுபவத்தைக் கொண்டுதான் அதை எழுதினார். அது நிஜக் கல்யாணம். படம் எடுத்தவர்கள் அதைப் போலிக் கல்யாணத்திலிருந்து தொடங்குவதாகப் பண்ணிவிட்டார்கள். நிஜமான தம்பதிகள் காத்திருப்பதில் கதை இல்லை என்று நினைத்தார்கள் போலும்.

இரண்டாவது படம் 1990-ல் பீட்டர் வீர் எழுதி இயக்கிய ‘கிரீன் கார்ட்’. ஜார்ஜ் என்ற பிரெஞ்சுக்காரனுக்கு அமெரிக்காவில் தங்க வேண்டும். பிராண்டி என்ற செடிப் பைத்தியத்துக்குக் கண்ணாடித் தோட்டத்துடன் கூடிய ஒரு குடியிருப்பு வேண்டும்; அதைத் தம்பதிகளுக்குத்தான் கொடுப்பார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே அவரவர் வழியே போய்விடுகிறார்கள். பிறகு அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் பரீட்சைக்குப் படிப்பது போல் மனப்பாடம் செய்கிறார்கள். மொட்டை மாடியில் நின்று தேனிலவுப் புகைப்படங்கள் தயாரிக்கிறார்கள். கடைசியில் தனித்தனியே பேட்டி. அவள் முகத்துக்குப் பூசுகிற கிரீமின் பெயர் ஜார்ஜின் நினைவுக்கு வருவதில்லை. அகப்பட்டுக்கொள்கிறான்.

ரசித்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் மனைவி முகத்துக்கு என்ன பூசுகிறாள் என்று என்னைக் கேட்டால், இத்தனை வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகும் நான் விழிப்பேன். இந்தப் பரீட்சையில் படித்துவிட்டு வந்த போலி தேறிவிடலாம். படிக்காமல் வாழ்ந்த நிஜம் தோற்றுப்போகலாம். வீர் இதை உணர்ந்திருக்கிறார். உணர்ந்தும், இருவரையும் காதலிக்க வைத்துப் பிரச்னையிலிருந்து நழுவிவிடுகிறார். காதல் வந்ததும் பொய்யெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. பொய்யே சொல்லாதவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு படங்களும் கேட்கவில்லை.

நான் படங்களை மறுபடி பார்த்த காரணம் இங்கேதான் வருகிறது. கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நண்பர் ஒருவரின் மகன், வணிக விஸாவில் அமெரிக்கா போனான். விலை பேசி, ஒப்பந்தம் முடித்துத் திரும்புவதாக ஏற்பாடு. ஐந்தாவது வாரத்தில், சரக்கு வாங்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் அந்த நாட்டுப் பிரஜை.

முறைப்படி உள்ளே வந்தவன், பிரஜையை மணந்தால், அங்கே இருந்தபடியே நிரந்தர வாசத்துக்கு மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இரண்டு கேள்விகள் உண்டு. கல்யாணம் நிஜமா என்பது ஒன்று. உள்ளே நுழைந்தபோதே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிடும் உத்தேசம் இருந்ததா என்பது இன்னொன்று. இருந்தது என்றால், வியாபாரம் என்று சொல்லி வந்தது பொய்யாகிவிடும். கல்யாணம் பழைய பிரியத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். உத்தேசம் மட்டும் புத்தம் புதியதாக இருக்க வேண்டும்!

அவன் டெலிபோனில் கூப்பிட்டு, “மாமா, எங்களைத் தெரிந்தவர் என்று நீங்கள் நாலு வரி எழுதிக் கொடுங்கள்” என்றான். முந்தின வருஷம் அந்தப் பெண் கம்பெனி வேலையாகக் கோயம்புத்தூர் வந்திருந்தாள். நண்பர் வீட்டில் சாப்பிட்டபோது நானும் இருந்தேன். குழம்பின் காரம் தாங்காமல் அவள் கண் கலங்கியது. அவன் அப்பாவுடன் விலை பேசிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமலே, தயிர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். அவளும் நன்றி சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குத் தெரிந்த சாட்சியம் அதுதான். கிரீமின் பெயரைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்தது. ஆனால் அதை எழுதினால், விஸா வாங்குவதற்கு முன்பே மனசில் ஏதோ இருந்தது என்று நானே எழுதிக் கொடுத்தது போல் ஆகாதா?

மூன்று நாள் பேனாவை எடுக்கவில்லை. “போகும்போது உனக்கு அந்த எண்ணம் இருந்ததா?” என்று அவனையே கேட்டேன். “தெரியாது மாமா. திரும்பி வரவேண்டிய வாரத்தில்தான் தெரிந்தது” என்றான். என் கதாபாத்திரம் ஒன்று இப்படிப் பதில் சொல்லியிருந்தால், நல்ல பதில் என்று திருப்திப்பட்டிருப்பேன். ஒரு சர்க்கார் காரியாலயத்தில் இது செல்லுமா?

அவனுடைய வக்கீலிடம் என் தயக்கத்தைச் சொல்லச் சொன்னேன். பதில் வந்தது: “பிரியம் வேறு, உத்தேசம் வேறு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதட்டும்.” இருபது வருஷமாக மனித மனசைப் பற்றி எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசத்தை ஒரு வக்கீல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. தயிர்க் கிண்ணத்தை எழுதினேன். ஒரு பெயரடைகூடச் சேர்க்கவில்லை.

மனு இன்னும் முடிவாகவில்லை. முன் அனுமதி வாங்காமல் அவன் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால், மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். இதற்கிடையில் அவனை வளர்த்த பாட்டி காலமானாள். அனுமதி கைக்கு வருமுன் பத்தாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மருமகள் மட்டும் விமானம் ஏறி வந்து, மொழி தெரியாத வீட்டில், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு வேறு சாட்சி எதற்கு?

படங்களைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். ‘கிரீன் கார்ட்’ கெட்டிக்காரத்தனமான படம். ‘ஹோல்ட் பேக் தி டான்’ குறைகள் உள்ள பெரிய படம். காத்திருப்பது என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். ஆனால் ஏமாற்றாதவர்களின் கதையை இரண்டும் எழுதாமல் விட்டுவிட்டன. பொய் நிஜமாவது சுவாரசியமான கதைதான். நிஜம் தன்னை நிரூபிக்க முடியாமல் நிற்பது அதைவிடக் கஷ்டமான கதை. அதை யாராவது எழுத வேண்டும்.